14,800 ரூபாய்க்குக் கிடைத்த ‘அபாயம் குறைவு’ அறிக்கை

பதின்வயதினரின் உணவுக் கோளாறுகளை வீட்டிலிருந்தபடியே மதிப்பிட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையவழி ஆலோசனைச் சேவையிடம், மூன்று வாரங்களுக்கு முன் 14,800 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். பதினைந்து வயது மகன் நேற்றுதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

ஐந்து மாதங்களில் அவன் எடை 82 கிலோவிலிருந்து 61 கிலோவுக்கு இறங்கியிருந்தது. சோற்றைத் தொடுவதில்லை, முட்டை வெள்ளைக்கரு, புரோட்டீன் பவுடர், நள்ளிரவில் மொட்டை மாடியில் தண்டால். முன்பு பருமனாக இருந்தவன் என்பதால் உறவினர்கள் பாராட்டவே செய்தார்கள். காணொளி அழைப்பில் வந்த ஆலோசகர்தான் முதன்முதலாக, இடைமறிக்காமல் நான் சொன்னதைக் கேட்டார். “பெத்தவங்களுக்குத் தெரியாததா மேடம்” என்றார். அந்தச் சொல்லில் கரைந்து முழுத் தொகையையும் அப்போதே செலுத்தினேன்.

வந்தது ‘ஈட்-26’ என்னும் 26 கேள்விகள் கொண்ட வினாத்தாள் மட்டுமே. பெண் நோயாளிகளை வைத்து உருவாக்கி 1982இல் வெளியிடப்பட்டது அது என்பதையும், 20 மதிப்பெண்ணைத் தொட்டால் அதன்படி மேல்பரிசோதனை என்பதையும் பின்னால் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். மெலியும் எண்ணம் வாட்டுகிறதா என்று கேட்டால் என் மகன் இல்லை என்றுதான் எழுதுவான். அவனுக்கு வேண்டியது மெலிவு அன்று, வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை. இணைப்புத் தாளில் மாதவிடாய் நின்றுவிட்டதா என்றுகூட இருந்தது, ஆண்பிள்ளைக்கு! பட்டினி கிடந்து மெலியும் ‘அனோரெக்சியா’ கோளாறு என்று சொல்ல மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இலேயே தன் நோயறிதல் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டது. மதிப்பெண் 11, அபாயம் குறைவு என்று அறிக்கை வந்தது.

ஒன்பதாம் நாள் பள்ளி இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தான். நாடித்துடிப்பு 42. எடை உயரத்துக்கு ஏற்றதாகவே இருந்தும், அதை இழந்த வேகமே இதயத்தைத் தளர்த்தியிருந்தது. முன்பிருந்த அதிகபட்ச எடை என்ன, ஒரு நாள் உடற்பயிற்சியைத் தடுத்தால் என்ன செய்வான், என்னென்ன பவுடர்கள் என்று மருத்துவமனையில் கேட்ட எதையும் 14,800 ரூபாய் வாங்கியவர்கள் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் கோரிக்கை பதிவாகியிருக்கிறது என்றார்கள். பிறகு அறிக்கை கொடுத்துவிட்டதால் சேவை முடிந்தது என்றார்கள். மூன்றாவது முறை, பையன் உண்மையை மறைத்திருப்பான் என்றார்கள். மறைப்பதே இந்த நோயின் இயல்பு என்று தெரியாதவர்களா மதிப்பிட வந்தார்கள்? ஆலோசகர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், இயலவில்லை. முழுத் தொகையை முன்பணமாகக் கட்டாதீர்கள். நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்காத அறிக்கையை நம்பாதீர்கள். ஆண்பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அவனுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, அருகில் உட்கார வேண்டும்.