திருத்தமா, திரும்பப் பெறுதலா?

ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகு பிழை தெரியவந்தால் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

எதற்கு எது: பிழை சிறியது, முடிவு நிற்கிறது என்றால் திருத்தம். முடிவையே நம்ப முடியாது என்றால் திரும்பப் பெறுதல். மூலத் தரவை எடுத்து மறுபடி கணக்கிடுங்கள். பி மதிப்பு (உண்மையான விளைவு இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண், வழக்கமாக 0.05க்குக் கீழே இருக்க வேண்டும்) 0.04 என்று போட்டது உண்மையில் 0.4 என்று வந்தால், அது வெறும் தசமப்புள்ளிப் பிழை அல்ல. கட்டுரையின் முக்கிய முடிவு அதையே நம்பியிருந்தால் திருத்தம் போதாது.

அறிவிப்பு: திருத்தத்தில் பழைய வரியும் புதிய வரியும் இருக்க வேண்டும். திரும்பப் பெறும்போது யார், ஏன் என்பது தெளிவாக வேண்டும். அறிவிப்பை எவரும் கட்டணமின்றிப் படிக்க முடிய வேண்டும். கட்டுரையை நீக்கிவிடுவதில்லை, பக்கந்தோறும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு அது அங்கேயே இருக்கும்.

பெயர்: திருத்தம் பெயரைக் கெடுக்காது. திரும்பப் பெறுதல் வலிக்கும்தான். ஆனால் அது தண்டனையல்ல, நேர்மையான தவறுக்கும் அதுவே வழி.

தாமதம்: 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தியது. அந்த விளக்கத்தை மட்டும் 2004இல் இணையாசிரியர்கள் 10 பேர் விலக்கிக்கொண்டார்கள். முழுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தடுப்பூசி பற்றிய பயம் பரவிக்கொண்டே இருந்தது.

ஒரு படத்தின் தலைப்பு மாறிப்போயிருந்தால் திருத்தமே போதும். புனைந்த தரவு, எழுத்துத் திருட்டு, நெறிக்குழு (ஆய்வு அறநெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) அனுமதியில்லாத ஆய்வு என்றால் தயங்காமல் திரும்பப் பெறுங்கள். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் மறுத்தாலும் இதழாசிரியர் அதைச் செய்யலாம். மறுத்தவரின் நிலையை அறிவிப்பில் குறிப்பிட வேண்டும்.