தையல் மேசைக்கு மேலே ஒரு சி.ஆர்.ஐ. 90 மின்குமிழ்

பொழுதுபட்ட பிறகு கருநீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடும் தையல்காரருக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த மின்குமிழ் தேவையில்லை, காசு மிச்சம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கடையில் வாங்கினேன். 9 வாற்று எல்.ஈ.டி., பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்காட்டும் சுட்டெண்) 90 என்று போட்டிருந்தது. "அன்ரி, 6500 கெல்வின் எடுங்கோ, நல்ல வெள்ளை, நிறம் சரியாத் தெரியும்" என்றார் கடைத் தம்பி. அது வேறு கணக்கு. வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதைத்தான் கெல்வின் சொல்லும். துணியின் நிறம் அதில் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு சி.ஆர்.ஐ. பார்க்க வேண்டும்; உச்சம் 100. நான் 4000 கெல்வினில் எடுத்தேன்.

நிறம் பார்க்கக் கண்ணில் இருப்பவை மூன்றே வகைக் கூம்புக் கலங்கள். துணியில் பட்டு வரும் ஒளியில் எத்தனை அலைநீளம் கலந்திருந்தாலும் அந்த மூன்றும் சொல்வதை வைத்தே மூளை நிறத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் வேறு வேறு சாயம் போட்ட இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்து விடலாம். வழமையான வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பது நீல ஒளி. மேலே பூசிய பொஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள்தான் அதை வெள்ளையாக்குகிறது. கடும் சிவப்பு அதில் குறைவு. அரக்குக் கூறைச் சேலைக்கு இரவில் சட்டைத்துணி எடுத்தவர்கள் காலையில் என் முற்றத்தில் விரித்து, "ஐயோ, இது மண்ணிறமெல்லே!" என்பது சும்மா இல்லை.

இந்தக் குமிழின் கீழ் அந்த வித்தியாசம் இரவிலேயே பிடிபடுகிறது. கருநீலமும் தப்பவில்லை.

குறையும் உண்டு. 90 என்பது எட்டு வெளிர் நிறங்களுக்குக் கிடைத்த புள்ளிகளின் சராசரி. கடும் சிவப்புக்கு ஆர்9 என்று தனிப் புள்ளி இருக்கிறது, பெட்டியில் அதைக் காணோம். கூறைக்கு அதுதானே முக்கியம்! அப்புறம், அதே வாற்றில் சாதாரணக் குமிழ் தரும் வெளிச்சம் இதில் இல்லை. வயது போகக் கண்வில்லை மஞ்சளாகி உள்ளே போகும் ஒளியும் குறையும் என்பதால், வயரை இறக்கி மெசினுக்குக் கிட்டத் தொங்கவிட்டிருக்கிறேன்.

விலை சாதாரணக் குமிழைப்போல இரண்டு மடங்குக்கு மேல். குசினிக்கு இது வீண். வாங்கப் போனால் அரக்கில் இரண்டு வெட்டுத்துண்டு கொண்டுபோய், குமிழை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.