வீம்புக்குப் போன ரொக்கெட், தேவைக்குப் போன ரொக்கெட்

முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவரிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. கிளிநொச்சியில் காலபோக நெல்லை எப்போது அறுப்பது என்று யோசிப்பவர், கைபேசியில் செய்மதி எடுத்த முகில் படத்தைப் பார்க்கிறார். இரண்டும் மேலேயிருந்துதான் வருகின்றன. ஆனால் அரசாங்கங்கள் மேலே காசைக் கொட்டியதற்கு இரண்டு காரணங்கள்: ஒன்று வீம்பு, மற்றது தேவை.

வீம்புக்கு அமெரிக்காவை விட்டால் ஆளில்லை. 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செய்மதியான ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருடமே அமெரிக்காவின் விண்வெளி நிறுவனமான நாசா பிறந்தது. 1961 ஏப்ரலில் சோவியத் விண்வெளி வீரர் ககாரின் பூமியைச் சுற்றினார். மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நிலவுக்கு ஆள் அனுப்பக் காசு கேட்டார். விண்வெளியில் தனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, ருசியாவை முந்தினால் சரி என்ற தோரணையில் அவர் நாசா தலைவரிடம் பேசிய 1962ஆம் ஆண்டு ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 வீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை வீதம்கூட இல்லை. 1969இல் நிலவில் இறங்கி வென்றார்கள், 1970இல் அப்பல்லோ நிலவுத் திட்டத்தின் கடைசி மூன்று பயணங்களை வெட்டினார்கள். பக்கத்துக் கோயிலில் இரண்டு கூட்டு மேளம் என்றால் நாங்கள் நாலு கூட்டுப் பிடிப்போம். அங்கே திருவிழா நின்றால் இங்கேயும் உபயகாரர் கழன்றுவிடுவார். அதே கதைதான்.

இந்தியா தொடங்கிய விதம் வேறு. நிலவுப் போட்டி எங்களுக்கு வேண்டாம், ஊருக்கு உதவுவதைச் செய்வோம் என்பது இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடக்கிய விக்ரம் சாராபாயின் நிலைப்பாடு. 1975-76இல் செய்மதி வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் சொல்லும் தொலைக்காட்சி போனது. காசு கொஞ்சம், நடையும் மெதுவு. ஆனால் நின்றுபோகவில்லை. இதில் ஒரு கெட்டித்தனமும் உண்டு: 1963இல் கேரளத்தின் தும்பாவில் எழுந்த முதல் ரொக்கெட் அமெரிக்கா கொடுத்தது, 1975இல் இந்தியாவின் முதல் செய்மதி ஆரியபட்டாவை ஏற்றிப்போனது சோவியத் ரொக்கெட். சண்டைக்காரர் இருவரிடமும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போ தேவைதான் நல்லது என்று எழுதிவிடலாம் போலிருக்கும். எனக்கு மனம் வரவில்லை. ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலி மாறுவதைக் கவனித்தே அது எங்கே போகிறதென்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதையே திருப்பிப்போட்டு, செய்மதியை வைத்து நீர்மூழ்கிக் கப்பலின் இடத்தைக் கணித்தார்கள். அந்த வழியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கட்டியதுதான் ஜிபிஎஸ். வீம்பு இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் இன்னும் நட்சத்திரம் பார்த்துத்தான் கரை திரும்பியிருப்பார்கள்.

இப்போது சீனா, இந்தியா என்று ஆட்கள் மாறியிருக்கிறார்கள். 2022 ஓகஸ்டில் செய்மதிகளைக் கண்காணிக்கும் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது. இந்தியா முறுகியது, கொழும்பு முதலில் பிந்தி வரச் சொன்னது, பிறகு விட்டது. அந்த வருடம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கில் படகுகள் கரையில் கிடந்தன. ஜிபிஎஸ் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.