எண்ணா, வாயா, வடிவமா? பழைய பிரேக் கருவிக்கு வயது பார்ப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எல்லோரும் பீங்கான் சாடியையும் எனாமல் தூக்கையும் பார்ப்பார்கள். நான் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குத்தான் குனிவேன். செட்டிநாட்டு வீடுகளின் மோட்டார் கொட்டகையைக் காலி செய்யும்போது ஸ்பேனர்களும் குறடுகளும் அங்கே வந்து சேர்கின்றன. எதை எடுத்தாலும் கடைக்காரர் சொல்லும் வயது ஒன்றுதான்: "பர்மா காலத்துச் சாமான், அண்ணே." செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்த, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தைச் சொல்கிறார்.

பலரும் வடிவத்தைத்தான் முதலில் நம்புகிறார்கள். எந்த பிரேக்குக்கு உரியது என்பதை வடிவம் சொல்லிவிடும். சதுர முனையுள்ள சாவி கெர்லிங் வகை பிரேக்கை இறுக்க. வளைந்த கரண்டி போன்ற கம்பி, பெண்டிக்ஸ் வகை டிரம்முக்குள் இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்ப. மோரிஸ் மைனர் காரின் லாக்ஹீட் வகை பிரேக்குக்குத் தனிக் கருவியே வேண்டாம். டிரம்மின் துளை வழியே திருப்புளியை விட்டால் போதும். ஆனால் வயது? 1930களின் கம்பி பிரேக்குக்கு வந்த அதே சதுர முனை 1959இல் வந்த மினி காருக்கும் பொருந்துகிறது. வடிவத்தால் பெயர் வைக்கலாம், ஜாதகம் கணிக்க முடியாது.

முலாம் அதைவிட மோசம். குரோமியம் பூச்சு 1920களின் பிற்பாதியில்தான் வணிகத்துக்கு வந்தது. ஆகவே குரோமியம் இருந்தால் அதற்கு முந்தையது அல்ல. அதோடு அதன் பயன் முடிந்தது. பளபளப்பு கடைக்காரர் கைவண்ணமாகவும் இருக்கலாம்.

அமெரிக்கக் கருவியென்றால் காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். அங்கே 20 லட்சமாவது எண் 1935இல் வழங்கப்பட்டது, 30 லட்சமாவது 1961இல். எண் 21 லட்சத்தைச் சுற்றி இருந்தால் கருவி 1930களின் பிற்பாதிக்கு முந்தையது அல்ல. பிந்தையதாக இருக்கலாம், அதே அச்சில் வருடக்கணக்காக அடித்துத் தள்ளியிருப்பார்கள். ஒருமுறை உப்புத்தாள் போட்டு ஆசையாகத் தேய்த்து, இருந்த எண்ணையும் அழித்துவிட்டேன். இப்போது மண்ணெண்ணெயும் பழந்துணியும் மட்டும்தான்.

இங்கிலாந்துச் சாமானுக்கு என் ஓட்டு ஸ்பேனர் வாயின் அளவுக்கு. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை அளவுக்கான ஸ்பேனரில் 1/4 டபிள்யூ என்று இருந்தால் அது போல்ட்டின் தடிமன். வாயை வெர்னியரில் அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. ஏ.எஃப். (அக்ராஸ் ஃபிளாட்ஸ், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம்) என்று இருந்தால் பொறித்த அளவே வாயின் அளவு. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948இல் பொதுவான திருகு மரைக்கு உடன்பட்ட பிறகுதான் ஏ.எஃப். அளவு பிரிட்டிஷ் கார்களில் பரவியது. ஆக, ஏ.எஃப். முத்திரை இருந்தால் 'பர்மா காலம்' பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. டபிள்யூ மட்டும் இருந்தால் பழையது என்று சத்தியம் செய்ய முடியாது. விட்வொர்த் சாமான் பிறகும் விற்பனையில் இருந்தது.

பெட்டியோடு தேய்ந்த பிரேக் ஷூக்களும் வந்தால் அந்தத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்.

போன வாரம் ஒரு முனையில் சதுரமும் மறுமுனையில் 1/2 ஏ.எஃப். பொறிப்பும் உள்ள சாவி கிடைத்தது. வழக்கம்போல கடைக்காரர் அதற்கும் பர்மாக் காலம் சொன்னார். ஏ.எஃப். எழுத்தைக் காட்டினேன். அவர் வயதைக் குறைத்துக்கொண்டார், விலையைக் குறைக்கவில்லை.