நீண்ட உடற்கூற்றுச் சொல்: அசை பிரிப்பதா, கூறு பிரிப்பதா?

உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு மட்டக்களப்பில் மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளை முதலில் மலைக்க வைப்பது ‘ஸ்டேர்னோக்ளைடோமாஸ்டொயிட்’ என்ற தசைப் பெயர் போன்றவைதான்.

அசை பிரித்தால் ஆறு: ஸ்டேர்–னோ–க்ளை–டோ–மாஸ்–டொயிட். முழு அழுத்தம் ஐந்தாவதில். ஒன்றிலும் மூன்றிலும் அதைவிடக் குறைவு. நமக்கோ முதல் அசையை ஓங்கிச் சொல்லத்தான் வரும். வாய்மொழிப் பரீட்சைக்கு முன் சத்தமாகச் சொல்லிப் பழகினால் தடுமாற்றம் போய்விடும். சரி, அந்தத் தசை எங்கே இருக்கிறது? அதை அசை சொல்லாது.

பொருள் தரும் கூறுகளாகப் பிரித்தால் சொல்லே படம் கீறிக் காட்டும். ‘ஸ்டேர்னோ’ மார்பெலும்பு. ‘க்ளைடோ’ காறையெலும்பு; கிரேக்க மூலத்தில் திறப்பு (சாவி). ‘மாஸ்டொயிட்’ காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை. முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள்: வலப்பக்கக் கழுத்தில் கயிறுபோல் ஒன்று புடைக்கும். விரலை ஓட்டினால் கீழே அந்த இரண்டு எலும்புகளில் தொடங்கி, மேலே காதுக்குப் பின்னால் போய் முடியும். பெயரின் வரிசையும் அதேதான்: தொடக்கம் முன்னே, முடிவு பின்னே. நாளைக்கு ‘ஸ்டேர்னோஹயொயிட்’ என்ற தசை வந்தால் பாதி ஏற்கெனவே தெரியும்.

அதனால் கூறுதான் முதலில் என்பேன். அசையைப் பிறகு பழகலாம். ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை: ‘மாஸ்டொயிட்’டையும் கூறாகப் பிரித்தால் ‘மாஸ்ட்’, ‘ஒயிட்’, உச்சரிக்கையில் ‘மாஸ்’, ‘டொயிட்’.