பிரதியிடலா, லக்ராஞ்ஜா? 7,200 ரூபாய்க்கு டீசலும் ஐஸும்

கையிலிருக்கும் காசுக்குள் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? முதலாண்டுப் பொருளியல் கணிதம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. விடை காண இரண்டு வழிகள் உண்டு: பிரதியிடல் (ஒரு மாறியை மற்றொன்றால் எழுதி, கணக்கில் போடுவது), லக்ராஞ்ஜ் பெருக்கி (காசுக் கட்டுப்பாட்டை ஒரு பெருக்கியோடு கணக்கில் சேர்ப்பது). எது சுலபம் என்று பார்த்தே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். விடை வந்த பிறகு அதை வைத்து என்ன கேட்கப்போகிறோம் என்று பார்ப்பதே சரி.

தொண்டியில் ஒரு நாட்டுப்படகு கடலுக்குப் போக 7,200 ரூபாய் இருக்கிறது. டீசல் லிட்டர் 100 ரூபாய், ஐஸ் பார் ஒன்று 144 ரூபாய் (எண்கள் சுத்தமாக வர வைத்த விலைகள்). டீசல் கூடினால் தூரம் போகலாம். ஐஸ் இல்லையென்றால் பிடித்த மீன் கெட்டுவிடும். கெடாமல் கரை சேரும் மீன்பாடு 10√(ட×ஐ) கிலோ என்று கொள்வோம். ட என்பது டீசல் லிட்டர், ஐ என்பது ஐஸ் பார்.

பிரதியிடலில் முதலில் காசுக் கணக்கை, அதாவது 100ட + 144ஐ = 7200 என்பதைத் திருப்பி எழுத வேண்டும்: ஐ = 50 − (25/36)ட. மூலக்குறியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ட×ஐ பெரிதானால் அதன் வர்க்கமூலமும் பெரிதாகும். அதனால் 50ட − (25/36)ட² என்பதைப் பெருமமாக்கினால் போதும். வகைக்கெழு 50 − (50/36)ட = 0; டீசல் 36 லிட்டர், ஐஸ் 25 பார், மீன்பாடு 300 கிலோ. இரண்டாம் வகைக்கெழு −50/36, குறைகுறி. ஆகவே இது பெருமம்தான். நான்கு வரியில் முடிந்தது. 144-ஆல் வகுக்கும்போது 7,200-ஐ மட்டும் வகுத்துவிட்டு 100ட-வை அப்படியே விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

லக்ராஞ்ஜ் வழியில் 10√(ட×ஐ) + லாம்டா×(7200 − 100ட − 144ஐ) என்று எழுதி (லாம்டாதான் அந்தப் பெருக்கி), ட, ஐ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான பகுதி வகைக்கெழுக்களைச் சுழியாக்க வேண்டும். 5√(ஐ/ட) = 100 லாம்டா; 5√(ட/ஐ) = 144 லாம்டா. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் லாம்டா விலகி, ஐ/ட = 25/36 என நிற்கும். காசுக் கணக்கில் போட்டால் அதே 36, அதே 25. லாம்டா 1/24.

பலர் இந்த 1/24-ஐ எழுதாமலே விடையை முடித்துவிடுகிறார்கள். முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கூடுதலாக ஒரு ரூபாய் கிடைத்தால் 1/24 கிலோ மீன் கூடும். அதாவது அடுத்த ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு 24 ரூபாய். சோதித்துப் பாருங்கள்: 7,440 ரூபாய் போட்டால் மீன்பாடு 310 கிலோ, 240 ரூபாய்க்கு 10 கிலோ. முன்பணம் கொடுத்த வியாபாரி விற்பனையில் 10 சதவீதம் பிடித்தால், கிலோ 26 ரூபாய் 67 காசுக்கு மேல் விற்றால்தான் அந்தக் கூடுதல் பணத்தை வாங்குவதில் லாபம். நிழல் விலை என்று பொருளியல் சொல்வது இதைத்தான். பிரதியிடலில் இந்த எண் தானாக வராது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பிரதியிடலில் உதவிய அதே குறுக்குவழியை இங்கே எடுத்து, 10√(ட×ஐ)-க்குப் பதில் வெறும் ட×ஐ போட்டால், 36-ம் 25-ம் மாறாது. லாம்டா மட்டும் 1/4 ஆகிவிடும். அது கிலோ அல்ல, எதுவும் அல்ல. கட்டுப்பாட்டைத் தலைகீழாக, (100ட + 144ஐ − 7200) என்று கூட்டல் குறியோடு எழுதினாலும் விடை அதேதான். லாம்டா −1/24 என வரும். அதைப் பார்த்து 'காசு கூடினால் மீன் குறையும்' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

லக்ராஞ்ஜ் கைவிடும் இடமும் உண்டு. ஒரே அளவு ஐஸ் பார் ஒரு கடையில் 140, இன்னொன்றில் 150 ரூபாய்; இருக்கும் காசுக்கு மொத்தப் பார்களைப் பெருமமாக்க வேண்டும் என்றால், சமன்பாடுகள் 1 = 140 லாம்டா, 1 = 150 லாம்டா. இரண்டும் ஒன்றாக நிற்காது. தீர்வு இல்லை என்று பேனாவை வைத்துவிடாதீர்கள். பிரதியிட்டால், 140 ரூபாய்க் கடையில் வாங்கும் அளவைக் கூட்டும்போது சாய்வு எங்கும் மாறாத மிகைக்குறி எனத் தெரியும். ஆகவே விடை ஓரத்தில்: எல்லாவற்றையும் 140 ரூபாய்க் கடையில் வாங்கு. கடைக்காரருக்கும் தெரிந்த விடை, ஆனால் தாளில் காட்டப் பிரதியிடல் உதவும்.

கட்டுப்பாடுகள் பெருகும்போது நிலைமை திரும்பிவிடும். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற பங்கீடு இருக்கிறது. காசோடு நாளும் கட்டுப்பாடாகச் சேர்ந்தால் பெருக்கிகள் இரண்டு: ஒன்று கூடுதல் ரூபாயின் மதிப்பு, மற்றது கூடுதல் கடல்நாளின் மதிப்பு. பிரதியிடலில் இரண்டாவது எண் வேண்டுமென்றால், நாளைக் கொஞ்சம் கூட்டி வைத்து முழுக்கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும்.