3018 மெஷினும் ஏழு கோடு ஆட்டமும்: மூன்று வருட அனுபவம்

கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் பழுதாகிக் கிடக்கும் ஸ்பெக்ட்ராமீட்டர், டிராவலிங் மைக்ராஸ்கோப் போன்றவற்றைச் சரி செய்து கொடுப்பது என் தொழில். ஊர் கோவை. இந்தக் கருவிகளில் லென்ஸ் கெட்டுப்போவது அபூர்வம். பிரிசம் மேசையின் கிளாம்ப் உடைந்திருக்கும், வெர்னியரைப் பிடிக்கும் தகடு வளைந்திருக்கும், இல்லையென்றால் யாரோ திருகை முறுக்கி முறுக்கி மரையைத் தின்றிருப்பார்கள். எல்லாம் விரல் நீளப் பித்தளைத் துண்டுகள். ஊர் முழுக்கப் பட்டறை இருந்தும், இரண்டே துண்டுக்காகப் போய் நின்றால் "அடுத்த வாரம் பார்க்கலாங்ணா" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாமே முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வோம்.

அதனால் மூன்று வருடத்துக்கு முன் 20,000 ரூபாய்க்கு உள்ளே ஒரு 3018 வாங்கினேன். கணினி சொல்கிறபடி கட்டரை நகர்த்தி வெட்டும் சின்ன சிஎன்சி மெஷின். படுக்கை 30 செ.மீ.க்கு 18 செ.மீ., அதுதான் அந்தப் பெயர். ஒரே வடிவத்தில் பல பேர் செய்து விற்கிறார்கள். அலுமினியச் சட்டம், 8 மி.மீ. திருகுத் தண்டுகள், கட்டரைச் சுழற்ற ஒரு 775 டிசி மோட்டார், கட்டரைப் பிடிக்க ஈஆர் 11 கோலெட். உள்ளே ஓடுவது ஜிஆர்பிஎல் என்கிற திறந்த மூல நிரல். மரத்திலும் அக்ரிலிக்கிலும் பெயர் செதுக்க வந்த மெஷினை நான் பித்தளைக்கு இழுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் சோதனையாக 20 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டக் குமிழ் வெட்டினேன். மைக்ரோமீட்டரில் எக்ஸ் பக்கம் 19.93, ஒய் பக்கம் 19.96. அடுத்து நான் செய்தது வடிகட்டின முட்டாள்தனம். ஜிஆர்பிஎல்லில் $100 என்று ஓர் அமைப்பு உண்டு. எக்ஸ் அச்சு ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும். என் மெஷினில் 800. கணக்குப் போட்டு அதை 802.8 ஆக்கினேன். அடுத்த குமிழ் 20.00 வந்தது! அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை உள்ள தகடு ஒன்று. துளைகள் 80.28இல் உட்கார்ந்தன. நான்கு பித்தளைத் தகடு வீணான பிறகுதான் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டர்னர் அண்ணனிடம் போனேன். கணினி பக்கமே போகாதவர். குமிழைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தார். வட்டத்தில் நான்கு திசையிலும் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குச் சின்னத் தட்டை.

"ஏந்தம்பி, லேத்துல அளவு தாண்டிப் போச்சுன்னா என்ன பண்ணுவோம்? ஹேண்டிலை ஒரு சுத்துப் பின்னால விட்டுட்டு மறுபடி முன்னால வருவோமல்ல? உம்பட மெஷின் அதைப் பண்ணுதா?"

பண்ணவில்லை. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் ஆட்டம், அதாவது பேக்லாஷ். திசை மாறும்போது திருகு கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் நட்டைத் தள்ளத் தொடங்கும். அன்றே டயல் கேஜ், அதாவது நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி, வைத்துப் பார்த்தேன். (காந்த அடி அலுமினியச் சட்டத்தில் ஒட்டாது. ஓர் இரும்புத் தகட்டைப் போல்ட் போட்டுத்தான் வைத்தேன்.) ஒரு மி.மீ. முன்னே ஓட்டிவிட்டு, 0.01 மி.மீ. வீதம் பின்னே வரச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று... மோட்டார் ஒவ்வொரு முறையும் மெல்ல முனகியது, டயல் முள் அசையவே இல்லை. எட்டாவது கட்டளைக்குத்தான் நகர்ந்தது. ஏழு கோடு, 0.07 மி.மீ.! குமிழில் குறைந்த அதே அளவு.

துடிப்பு எண்ணிக்கை தப்பாக இருந்தால் நீளம் கூடக் கூடத் தப்பும் கூடும். 10 மி.மீ.க்கு ஒன்று என்றால் 100க்குப் பத்து. ஆட்டம் அப்படியில்லை, நீளம் எதுவானாலும் அதே ஏழு கோடுதான். ஒரு சின்னத் துண்டை மட்டும் அளந்துவிட்டு $100இல் கை வைத்தது என் பிழை. அதைப் பழைய 800க்கே திருப்பினேன். சாதாரண ஜிஆர்பிஎல்லில் ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது, ஸ்பேனரைத்தான் எடுக்க வேண்டும். எக்ஸில் இருந்த ஒற்றை நட்டைக் கழற்றிவிட்டு, நடுவில் ஸ்பிரிங் உள்ள இரட்டை நட்டுப் போட்டேன். இரண்டு கோடாகக் குறைந்தது. ஒய்யில் நட்டு நன்றாகவே இருந்தது. திருகின் முனையில் இருக்கும் பேரிங்கில்தான் தண்டு முன்னும் பின்னும் நழுவியது. ஒரு காலர் மாட்டி இறுக்கியதும் சரியானது.

அப்புறம் ரன் அவுட், அதாவது கட்டர் தன் மையத்தில் சுற்றாமல் விலகிச் சுற்றுவது. இதையும் ஆட்டத்தையும் பிரித்தறிய நான் இப்போதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரே தகட்டில் 20 மி.மீ. குமிழும் 20 மி.மீ. குழியும் வெட்டுவேன். இரண்டுமே சிறியதாக வந்தால் ஆட்டம். குமிழ் சிறியதாகவும் குழி பெரியதாகவும் வந்தால் கட்டர் தன் அளவைவிட அகலமாக வெட்டுகிறது என்று அர்த்தம். ரன் அவுட்டாக இருக்கலாம், கட்டரின் விட்டத்தையே தப்பாகக் கொடுத்திருக்கலாம். எனக்குக் கோலெட்டில் டயல் எட்டுக் கோடு காட்டியது. மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் கோலெட் குழலைப் பக்கவாட்டுத் திருகு ஒன்றுதான் பிடித்திருந்தது. அதை இறுக்க இறுக்கக் குழல் ஒரு பக்கம் சாய்கிறது. குழலைச் சூடாக்கித் தண்டில் ஏற்றி, ஆறிய பிறகு திருகைப் பெயருக்கு இறுக்கினேன். மூன்று கோடு. அதற்குக் கீழே இந்த மோட்டாரில் நான் பார்த்ததில்லை.

மின் இரைச்சல் என் பொறுமையைத்தான் சோதித்தது. நாற்பது நிமிட வேலையில் முப்பத்தைந்தாவது நிமிடம் மெஷின் நின்றுவிடும். திரையில் லிமிட் சுவிட்ச், அதாவது அச்சு ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் சுவிட்ச், தட்டியதாக அலாரம். சுவிட்ச் பக்கமே எதுவும் போயிருக்காது. சில நாள் யுஎஸ்பியே அறுந்துவிடும். மடிக்கணினியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், வீட்டு ஃபிரிட்ஜைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், கார்பன் பிரஷ் மோட்டாரின் ஒயரையும் லிமிட் சுவிட்ச் ஒயரையும் ஒரே கட்டாக அழகாகச் சுருட்டி வைத்திருந்தேன். பிரஷ் பொறியின் இரைச்சல் பக்கத்து ஒயரில் ஏறியிருக்கிறது. ஒயர்களைப் பிரித்து, சுவிட்சுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். அதோடு நின்றது. செலவு நூறு ரூபாய் ஆகியிருக்காது. போனது இரண்டு மாதம்.

மேலும் கீழும் போகும் இசட் அச்சு வேறு ஒரு கூத்து. ஆழம் துண்டுக்குத் துண்டு மாறியது. மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கிலும் தண்டிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். மூன்று மணி நேரத்தில் அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தது. கப்ளிங்கைப் பிடிக்கும் தலையில்லாத குட்டித் திருகு, அதாவது கிரப் ஸ்க்ரூ, கழன்று வந்திருக்கிறது. தண்டில் அரத்தால் ஒரு தட்டை போட்டு, மரையில் திருகு கழலாமல் பிடிக்கும் நீலப் பசை தடவி இறுக்கினேன். பேனாக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை, இன்றும் வேலை தொடங்குமுன் அதை ஒரு பார்வை பார்ப்பேன். ஸ்பிண்டிலின், அதாவது கட்டரைச் சுழற்றும் மோட்டாரின், சாய்வைச் சரிக்கட்ட அடியில் கொடுத்தது பழைய ஷேவிங் பிளேடு. கனம் 0.1 மி.மீ., அடியில் கொடுக்க அதைவிட மலிவான மெல்லிய தகடு (ஷிம்) கிடைக்காது.

இப்போது பித்தளையில் 2 மி.மீ. கட்டர், ஒரு ஓட்டத்துக்கு 0.15 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம். பொறுமை வேண்டும். அலுமினியத்துக்கு மட்டும் தூரிகையால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் கட்டரில் அப்பிக்கொள்ளும். துளைகளை எப்போதும் இடப்பக்கமிருந்தே அணுகும்படி வெட்டும் கட்டளைகளில் வரி சேர்த்துவிடுகிறேன். அண்ணன் சொன்ன அதே ஹேண்டில் வித்தைதான். தண்டு உட்காரும் 6 மி.மீ. துளையை மெஷினிடம் விடுவதில்லை. 5.8 வரை போட்டுவிட்டுக் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரைக் கையால் ஓட்டுகிறேன். கிளாம்ப், தகடு எல்லாம் 0.03 மி.மீ.க்குள் திரும்பத் திரும்ப வருகின்றன. மோட்டார் பிரஷ் தேய்ந்து இரண்டு முறை மாற்றியாயிற்று. பித்தளைச் சிம்பு லுங்கி மடிப்புக்குள் புகுந்துகொள்வதற்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஸ்பெக்ட்ராமீட்டரின் ஸ்லிட் தாடைகள் இரண்டு செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டு கூர் விளிம்புகள், வெளிச்சம் நுழையும் அளவுக்கு மட்டும் நேர்க்கோட்டில் பிரிய வேண்டும். டயலை ஒருமுறை வைத்துப் பார்த்தேன். எக்ஸ் நட்டு மறுபடி நான்கு கோட்டுக்கு வந்திருக்கிறது. நட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, தாடைகளை, மின்பொறியால் கம்பி கொண்டு வெட்டும் ஒயர் கட் மெஷின் வைத்திருக்கும் நண்பரிடம் அனுப்பிவிட்டேன். அவரும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.